உருக்காலைக்குள் ஓர் ஒத்ததிர்வுச் சுற்று

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டப்படி மின்னியல் பிரிவு மாணவர்கள் இரண்டாம் பருவத்திலேயே மின்சுற்றுப் பகுப்பாய்வைப் படிக்கின்றனர்; ஒரு சந்திப்புக்கு வந்துசேரும் மின்னோட்டமும் அங்கிருந்து வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்று 1845இல், தாமே மாணவராக இருந்தபோது, கிர்க்காஃப் வகுத்த விதியில் தொடங்கி ஒத்ததிர்வு வரை செல்லும் அப்பாடம், பெரும்பாலும் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணக்குப் பயிற்சியாகவே நின்றுவிடுகிறது. பொறியியல் கல்லூரிகள் அமைந்த கவரைப்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையமான கும்மிடிப்பூண்டியிலோ, சிப்காட் வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள இரும்பு உருக்காலைகளில் அதே பாடம் இரவு பகலாக இயங்கிக்கொண்டிருக்கிறது.

பழைய இரும்பை உருக்கும் தூண்டல் உலை, உள்ளே குளிர்நீர் ஓடும் செம்புக் குழாயையே வளைத்துச் செய்த ஒரு மின்சுருளே. அதில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது நடுவிலுள்ள இரும்பில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து அதனை உருக்குகின்றன. ஆனால் சுருளில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு ஏறத்தாழக் கால் சுற்று பின்தங்குவதால், இரண்டையும் பெருக்கிவரும் அளவில் எவ்வளவு பங்கு உண்மையான வேலையாகிறது என்பதைக் காட்டும் திறன் காரணி, 0.2க்கும் கீழே இருக்கக்கூடும். இதனை ஈடுசெய்ய, சுருளோடு மின்தேக்கிகளை இணைத்து, ஒன்றின் மின்மறுப்பை மற்றொன்று நீக்கும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்கு அருகே உலையை ஓட்டுகின்றனர். தேர்வுத்தாளில் மாறாத எண்ணாகத் தரப்படும் மின்தூண்டல் எண், இங்கே இரும்பு சூடேறி உருக உருக மாறுகிறது. அதற்கேற்ப ஒத்ததிர்வும் நகர, சுருளுக்கு மாறுதிசை மின்னோட்டம் தரும் இன்வெர்ட்டர் தன் அதிர்வெண்ணை மாற்றியபடி அதனைப் பின்தொடர்கிறது.

உலைக்கு வெளியே, மின்வாரிய இணைப்பின் பக்கத்தில், இதே திறன் காரணி பணமாகிறது. தமிழ்நாட்டில் உயர் அழுத்த நுகர்வோரின் தேவைக் கட்டணம், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிவரும் கேவிஏ கணக்கில் விதிக்கப்படுகிறது. சராசரித் திறன் காரணி 0.9க்குக் கீழே இறங்கினால் தனியே இழப்பீட்டுக் கட்டணமும் உண்டு. 1000 கிலோவாட் பயன்படுத்தும் ஆலை 0.8 திறன் காரணியில் 1250 கேவிஏ இழுக்கும். சுமார் 421 கேவிஏஆர் அளவுக்கு மின்தேக்கிகளைச் சேர்த்து 0.95க்கு உயர்த்தினால் 1053 கேவிஏ போதும். முக்கோணவியல் தெரிந்த எவரும் ஒரு தாளில் போட்டுவிடக்கூடிய கணக்குதான்.

தாளில் வராத சிக்கல் அடுத்து வருகிறது. உலைக்கு மின்சாரம் தரும் ஆறு துடிப்பு அலைதிருத்தி, 50 ஹெர்ட்ஸின் ஐந்து மடங்கும் ஏழு மடங்குமான ஹார்மோனிக் மின்னோட்டங்களை இணைப்பினுள் செலுத்துகிறது. கட்டணத்தைக் குறைக்கச் சேர்த்த அதே மின்தேக்கி, டிரான்ஸ்ஃபார்மரின் மின்தூண்டலோடு சேர்ந்து 250 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்ந்தால், அளவுமீறிய மின்னோட்டத்தால் சூடேறிப் பழுதாகும். சில நேரம் வெடிக்கவும் செய்யும். உலையை வாழவைக்கும் ஒத்ததிர்வே இங்கே எதிரியாகிறது என்பது இத்துறையின் சுவையான முரண். மின்தேக்கியின் மின்மறுப்பில் 7 விழுக்காடு அளவுள்ள ரியாக்டரைத் தொடரில் இணைத்தால் அக்கிளையின் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, அந்த ஆபத்து விலகுகிறது; 50ஐ 0.07இன் வர்க்கமூலத்தால் வகுத்து மாணவரே இதனைச் சரிபார்க்கலாம்.

பாடத்துக்கும் ஆலைக்கும் உள்ள இந்த இடைவெளியைக் குறைக்க, வட்டாரக் கல்லூரிகள் ஆலைகளின் ஒப்புதலுடன், பெயரை நீக்கிய ஓர் உயர் அழுத்த மின்கட்டணப் பட்டியலையேனும் இரண்டாம் பருவ வகுப்பில் பாடமாக வைக்க வேண்டும்.