திருத்திய பிழையும் கருதத்தக்கதே

செல்லரித்த ஓலைச் சுவடியில் ஓரெழுத்து மறைந்திருப்பின், கற்றறிந்தோர் சீரும் எதுகையும் நோக்கி அதனை உய்த்துணர்வர். இரண்டெழுத்து ஒருங்கே மறையின் அவர்க்கும் அரிதாகும். ஆதலின் அறிவுடையோர், படிக்க இயலும் காலத்திலேயே அவ்வேட்டைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுவர். கணிப்பொறியின் நினைவகத்தைக் காக்கும் முறையும் இத்தன்மையதே.

நினைவகத்திற் செய்திகள் யாவும் 0, 1 என்னும் பிட்டுகளாக, நுண்ணிய மின்னேற்றங்களின் வடிவில் நிற்கின்றன. அண்டக் கதிர்களால் எழும் நியூட்ரான் ஒன்று சில்லைத் தாக்கினும் ஒரு பிட் மாறக்கூடும். இது வந்து மறையும் பிழை, சில்லுக்குக் கேடில்லை. சில்லே நைந்து, ஓரிடத்தில் அடிக்கடி தோன்றும் பிழை வேறு வகையினது.

இவற்றைத் திருத்தும் நெறியை அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்து அறிஞர் ரிச்சர்டு ஹாமிங் 1950ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிழையைக் காணவல்ல பொறி அதனைத் திருத்தவும் ஏன் ஆகாது என்னும் வினாவே அவரைத் தூண்டியது. அந்நெறியின் வழிவந்த ஏற்பாடொன்றில், 64 பிட்டுகளுக்கு 8 சோதனைப் பிட்டுகள் துணையாகச் சேர்ந்து 72 ஆகின்றன. ஒரு பிட் பிழைப்பின் வன்பொருள் தானே திருத்தும். இரண்டு பிழைப்பின் கண்டுணருமேயன்றித் திருத்தாது.

அங்ஙனமாயின், திருத்தப்பட்ட பிழையை மறந்துவிடலாமோ? ஆகாது. ஒரு பிட் நைந்த இடத்தில் மற்றொரு பிட்டும் மாறின், அதனைப் பயன்படுத்தும் நிரலை நிறுத்த நேரும். சில வேளை பொறியே நின்றுவிடும். கூகிள் நிறுவனத்தின் பொறிகளை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த கட்டுரை, திருத்தத்தக்க பிழை கண்ட நினைவகத்தில் திருத்தவொண்ணாப் பிழை நேர்வதற்கு வாய்ப்பு மிகுதி என்று காட்டிற்று.

ஆகவே லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் சில நெறிகளைக் கைக்கொள்கின்றன. பிழை நேர்ந்ததெனச் செயலி அறிவித்தவுடன், அது நேர்ந்த இடத்தை மாத்திரம் விரைந்து குறித்துக்கொண்டு, நீண்ட ஆராய்ச்சியைப் பின்னர் நிகழ்த்துதல் முதலாவது. பிழைகள் மழைபோற் பொழியுங்கால், அறிவிப்புகளை ஏற்பதிலேயே பொறியின் நேரம் கழிந்துவிடும். அப்பொழுது அறிவிப்பை நிறுத்தி, இடைவெளி விட்டுத் தானே சென்று பார்த்தல் இரண்டாவது.

மூன்றாவதே தலையாயது. நினைவகம் பெரும்பாலும் 4096 பைட்டுகள் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்படும். ஒரே பக்கத்திற் குறித்த காலத்துள் பிழைகள் வரம்பு கடப்பின், அதிலுள்ளவற்றை நற்பக்கத்திற்குப் பெயர்த்து, பழைய பக்கத்தை வழக்கினின்றும் நீக்குவர். நிரல் இதனை அறியாமலே தொடர்ந்து இயங்கும். ஒரே பிழைக்காக நல்ல பக்கத்தைத் தள்ளுதல் வீண்; வரம்பு கடந்தும் வாளாவிருத்தல் கேடு. இயங்குதளத்தின் கருவகமே தங்கியுள்ள பக்கங்களை இவ்வாறு பெயர்த்தல் பொதுவாக இயலாது. ஆதலின் குறிப்பேட்டைப் பொறிகாப்போர் நோக்கி, பழுதுற்ற நினைவகப் பலகையை உரிய காலத்தில் மாற்றுதல் வேண்டும்.

திருத்தம் எளிதிற் கிடைக்கின்றதென்று பிழையை எண்ணாது விடுவோர், திருத்தம் கிட்டாத நாளிலேயே அதன் அருமையை உணர்வர். திருத்திய பிழையையும் கணக்கிற் கொள்ளும் பொறியே நம்பத்தக்கது.