உங்களுக்குத் தெரியுமா? திரையைப் பெருக்கினால் கடல் பெருகாது

திருவள்ளூர் மாவட்டக் கரையிலுள்ள காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றிவரும் கப்பலின் மாலுமி, மின்னணுக் கடல் வரைபடத்தைத் திரையில் எவ்வளவுதான் பெரிதாக்கினாலும், அது எந்த அளவுவிகிதத்தில் தயாரிக்கப்பட்டதோ அதற்கு மேற்பட்ட சூட்சுமமான விவரம் எதையும் அதிலிருந்து பெற இயலாது.

• வரம்பு மீறிப் பெருக்கினால் கருவியே அதைச் சுட்டிக்காட்ட வேண்டுமென்பது சர்வதேச விதி.

• அளவின் வகையை, வரைபடத்தின் எட்டெழுத்துப் பெயரில் மூன்றாவதாக நிற்கும் எண்ணே சொல்லிவிடும்: 1 என்றால் மகாசமுத்திரப் பரப்பு, 3 கடலோரம், 4 துறைமுக அணுகுவழி, 5 துறைமுகம், 6 கப்பல் அணையும் மேடை.

• 1:90,000 அளவில் 1 மில்லிமீட்டர் என்பது 90 மீட்டர். 32 மீட்டர் அகலமுள்ள நிலக்கரிக் கப்பல் அதில் அரை மில்லிமீட்டர்கூட இராது.