உஷார்! பிள்ளை கையில் சைக்கிள், தெருமுனையில் நாலுவழிச் சாலை

பிள்ளைக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர்கள், வாங்கித் தரப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் வரைக்கும் மிதித்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள், எல்லாருமே இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே நமக்குப் பழக்கமாயிருந்த சாலை இப்போது இல்லை. எதிரில் பஸ் வந்தால் மண்ணில் இறங்கி நின்று வழிவிட்டோமே, அந்த ரோட்டின் இடத்தில் தேசிய நெடுஞ்சாலை 32 நாலு வழியாக விரிந்து கிடக்கிறது. நடுவில் தடுப்பு. கொத்தட்டையில் சுங்கச்சாவடி. வெளியூர்க் காரும் கண்டெய்னர் லாரியும் வேகம் குறைக்கக் காரணமே இல்லாத சாலை அது.

அதன் ஓரத்திலேயேதான் நாமும் மனை வாங்கிக் குடியேறிக்கொண்டிருக்கிறோம். நேற்றுவரை நெல்லும் உளுந்தும் விளைந்த வயலில் கல் நட்டு, வளைவு கட்டி, ‘நகர்’ என்று பெயர் எழுதியாயிற்று. வீடு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். டியூஷன், மளிகைக் கடை, பால் பூத் எல்லாமே அந்தப் பக்கம்தான். வாங்கும்போது “மெயின் ரோட்டுலேருந்து ரெண்டு நிமிஷம்” என்று தரகர் சொன்னதைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டோம். அந்த மெயின் ரோட்டைப் பத்து வயசுப் பிள்ளை தினமும் எப்படித் தாண்டும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. எண்பதில் வந்தால் 22 மீட்டர். சைக்கிளில் குறுக்கே வருகிற பிள்ளையை ஓட்டுநர் கண்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்கைத் தொடவே ஒரு விநாடி போய்விடும். பிரேக் பிடித்தபிறகு வண்டி இழுத்துக்கொண்டு போகிற தூரம் அதற்கு மேல். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் செத்தவர்களில் பத்துக்கு ஏழு பேரின் சாவுக்குக் காரணம் அதிவேகம். சைக்கிள்காரர் ஹெல்மெட் போட்டிருந்தாலும், பெல் அடித்தாலும், ஓரமாகவே போனாலும், எதிராளியின் வேகம் குறையாவிட்டால் அவர் உயிர் அவர் கையில் இல்லை.

இந்தச் சாலை நமக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டது. தடுப்பில் திறப்பு தள்ளி இருக்கிறது, அதுவரை போய்த் திரும்பி வர யாருக்கும் பொறுமை இல்லை. “ஓரமாத்தானே போறோம்” என்று எதிர்த்திசையிலேயே மிதித்துக்கொண்டு போகிறோம். பின்னால் கேரியரில் பிள்ளை வேறு. பக்கத்துத் தெருவிலிருந்து சாலைக்கு ஏறுகிற வண்டிக்காரர் வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பார், ஏனென்றால் வண்டி வரவேண்டிய திசை அதுதான். இடது பக்கமிருந்து வருகிற உங்களை அவர் பார்க்கவே மாட்டார். இருட்டிவிட்டாலோ எதிரே வருகிற லாரியின் விளக்கு நேராக உங்கள் கண்ணில் அடிக்கும், காலடியில் பள்ளமா மேடா என்றுகூடத் தெரியாது. தயவுசெய்து இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பத்து நிமிஷம் தாமதமானால் ஒன்றும் முழுகிவிடாது.

ரயில் கேட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை 8-ஆம் தேதி காலை, ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன்மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் போய்விட்டார்கள். அன்று சிக்னலோடு இணைக்கப்படாத கேட் அது. அந்தக் காலையை இந்த மாவட்டம் மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. அதே தடம்தான் புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரம் வரை நம் ஊர்களை அறுத்துக்கொண்டு போகிறது. இப்போது அது மின்மயமாகிவிட்டதால் பழைய டீசல் எஞ்சின்போலத் தூரத்திலிருந்தே உறுமிக்கொண்டு வராது. கேட் திறந்திருக்கிறது என்பதை நம்பிப் போகாதீர்கள். பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்: சைக்கிளை விட்டு இறங்கு, நில், ரெண்டு பக்கமும் பார், காதைத் தீட்டிக் கேள், பிறகு தள்ளிக்கொண்டு போ. ஹெட்போனோடு யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது.

இங்கே காலத்துக்கு ஒரு ஆபத்து உண்டு. வெளியூர்ப் பாதுகாப்புப் புத்தகம் எதிலும் இது இருக்காது. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் நெல்லிக்குப்பம் பக்கமும் சேத்தியாத்தோப்பு பக்கமும் டிராக்டர் டிரெய்லர்கள் வரிசை கட்டும். கட்டு தளர்ந்து கரும்பு பக்கவாட்டில் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பல டிரெய்லர்களுக்குப் பின்விளக்கே கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டியூஷன் முடிந்து வருகிற பையனுக்கு அது தெரிகிறபோது முகத்துக்கு நேரே இருக்கும். கரும்பு வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவதும், டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு மிதிக்காமல் போவதும் பிள்ளைகளுக்கு விளையாட்டு. பார்த்தால் அதட்டி நிறுத்துங்கள், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும்.

அடுத்தது உளுந்து. அறுவடைக் காலம் வந்தால் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் உளுந்தும் பயறும் பிடுங்கிச் செடியோடு தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், வண்டி ஏறி அதுவே மிதிபடட்டும் என்று. விவசாயியின் கஷ்டம் புரிகிறது. போதுமான களம் கட்டித் தராத அரசாங்கத்தைத்தான் கேட்கவேண்டும். ஆனால் காய்ந்த செடிமேல் சைக்கிள் டயர் ஏறினால் பிடிப்பே இருக்காது. உதிர்ந்த மணிகள் சக்கரத்துக்கடியில் உருளும். கொடி செயினில் சுற்றிக்கொண்டு பெடலை அப்படியே நிறுத்திவிடும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்த இடத்தில் பிரேக் பிடிக்காதீர்கள், ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள். முன்கூட்டியே இறங்கிவிடுங்கள். மார்கழிப் பனி, ராத்திரி ரோட்டில் படுத்திருக்கிற மாடுகள், திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் சிதம்பரத்துக்குள் குவிகிற வெளியூர் வண்டிகள் என்று மற்றவையும் உண்டு. சிதம்பரம் தேரோடும் வீதிகளின் முனைகளில் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நீண்ட வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பஸ்சுக்கும் திண்ணைக்கும் நடுவே இருக்கிற சந்தில் சைக்கிளை நுழைக்கவே கூடாது.

இனி சொல்லப்போவது பெரிய ரோட்டுக்குப் போகாதவர்களுக்கும் சேர்த்துத்தான். கேரியரில் உட்காருகிற குழந்தையின் குதிகால். அப்பா மிதிக்கிறார், நாலு வயசுக் குழந்தை பின்னால், இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறது. வேகத்தடையில் சைக்கிள் ஏறி இறங்கும்போது தொங்கிக்கொண்டிருந்த கால் ஆடிச் சக்கரக் கம்பிக்குள் போய்விடுகிறது. சக்கரம் அரைச் சுற்று சுற்றி, பாதத்தைக் கம்பிக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நசுக்கி நிற்கிறது. அலறல் கேட்டுப் பதறிப்போய்ச் சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றிக் காலை இழுப்பதுதான் நாம் எல்லாரும் செய்வது. செய்யாதீர்கள்! தோல் இன்னும் கிழியும். சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொண்டு, பஞ்சர் கடையிலிருந்து கட்டிங் பிளேயர் கொண்டுவரச் சொல்லிக் கம்பியை வெட்டிக் காலை எடுங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணி சுற்றி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் வைக்காதீர்கள். “லேசான சிராய்ப்புதான்” என்று முதல் நாள் தோன்றும். நசுங்கிய தோல் ரெண்டு மூன்று நாள் கழித்துக் கறுத்து உரியும், எலும்பு விரிசல் எக்ஸ்ரேயில்தான் தெரியும். இவ்வளவு வேதனையையும் தடுக்கக் கேரியர் சீட்டும், கால் வைக்கிற கட்டையும், சக்கரத்தை மூடுகிற வலையும் போதும். எந்த சைக்கிள் கடையிலும் மாட்டித் தருவார்கள். துப்பட்டாவையும் புடவைத் தலைப்பையும் முடிந்துகொண்ட பிறகே ஏறுங்கள். கழுத்தில் சுற்றிய துப்பட்டா சக்கரத்தில் மாட்டினால் போவது கால் அல்ல, கழுத்து.

அரசு தருகிற விலையில்லா சைக்கிள் வீட்டுக்கு வந்திருக்கிறதா? மகிழ்ச்சி. விழா முடிந்த அன்றைக்கே அதை ஏறி ஓட்டவிடாதீர்கள். மொத்தமாகக் கோத்து இறக்கிய வண்டி அது. முதலில் கடைக்குக் கொண்டுபோய் ஹேண்டில்பார், பெடல், சக்கர நட்டுகளை முடுக்கி, பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்குச் செய்த சைக்கிளை வீட்டிலிருக்கிற ஐந்தாம் வகுப்புத் தம்பி குரங்கு பெடல் போட்டு எடுத்துக்கொண்டு போவான். மைதானத்தில் போகட்டும், ரோட்டில் வேண்டாம். பின்னால் சிவப்பாக மினுக்குகிற சின்ன விளக்கு ஒன்றை மாட்டுங்கள். புத்தகப் பையின் பின்பக்கம் வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் பட்டை தைத்துவிடுங்கள். குடும்பமாகப் போகும்போது பிள்ளையை முன்னே விட்டு, பெரியவர் பின்னால், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வாருங்கள். முந்துகிற வண்டி உங்களைத் தாண்டித்தான் பிள்ளையிடம் போகவேண்டும்.

இதற்கெல்லாம் பயந்து, சைக்கிளைப் பிடுங்கி வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கிற வீடுகள் பெருகிக்கொண்டிருக்கின்றன. என்னை உண்மையில் நடுங்க வைப்பது இதுதான். ஒன்பதாம் வகுப்புப் பெண் முன்னால், ஆறாம் வகுப்புத் தம்பி பின்னால், ரெண்டு பேருக்கும் ஹெல்மெட் இல்லை. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை மோட்டார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி தண்டனை பெற்றோருக்கோ வண்டியின் உடைமையாளருக்கோதான்: மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடைக்காது. “பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம்” என்று கடைக்காரர் சொன்னால் அதையும் உஷாராகக் கேளுங்கள். 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்ற வரம்புக்குள் இருக்கிற வண்டிக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. வேகப் பூட்டைத் தளர்த்தி நாற்பது, ஐம்பதில் ஓடவிட்ட வண்டிக்குக் கிடையாது.

சைக்கிளை நாம் இழக்கக்கூடாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பஸ்சுக்கும் ஆண்பிள்ளைக்கும் காத்திருந்த வாழ்க்கை அதோடு போயிற்று. அந்தப் பெண்களின் பேத்திகள் வயசுப் பிள்ளைகளைத்தான் இன்று ரோட்டைக் காட்டிப் பயமுறுத்தி வீட்டுக்குள் உட்கார வைக்கிறோம். சைக்கிள் நாடு என்று பேரெடுத்த நெதர்லாந்தும் பிறவியிலேயே அப்படி இருந்ததில்லை. 1971-இல் அங்கே சுமார் 3,300 பேர் சாலையில் செத்தார்கள், அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கென்ஹாஃப் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று எழுதினார். பெற்றோர் தெருவில் இறங்கி உட்கார்ந்தார்கள். தனிப் பாதைகளும், குடியிருப்புத் தெருக்களில் வேகக் கட்டுப்பாடும் அப்படிப் போராடித்தான் வந்தன.

நாமும் கேட்டால்தான் வரும். 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகள், சைக்கிளும் நடையும் வண்டியும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று அறிவித்தன. பள்ளிக்கூட வாசலுக்கு அதைக் கேளுங்கள். உங்கள் நகர் முனையில் கடக்க வழி இல்லை, சர்வீஸ் ரோடு பாதியில் நிற்கிறது, விளக்கு எரியவில்லை என்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்குக் கூப்பிட்டுப் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு விதிப்படி சாலையை வடிவமைக்காத, பராமரிக்காத அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ, அதனால் உயிர் போனாலோ ஊனம் நேர்ந்தாலோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவு எண்ணை எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. தீர்மானமாக எழுதச் சொல்லி, நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

விபத்து கண்முன் நடந்துவிட்டால் 108. யார் கொண்டுவந்து சேர்த்தாலும் அவரைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்று சட்டமே பாதுகாப்பு தருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். பணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.