பாடி லிஃப்ட்: தார், ஜிம்னியை 2 இன்ச் தூக்கினால் உண்மையில் எது உயரும்? எது மாட்டிக்கொள்ளும்?

புதுசா ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுத்தவர்கள் ஆக்சஸரீஸ் கடைக்குப் போனதும் முதலில் பார்ப்பது டயர். அடுத்த கேள்வி, "அண்ணே, இன்னும் கொஞ்சம் தூக்கலாமா?" கடையில் கிடைக்கிற பதிலும் தெரிந்ததுதான்: "பாடி லிஃப்ட் போட்டுரலாம், ரெண்டு இன்ச் ஏறிடும். ஒரே நாள் வேலை."

ரெண்டு இன்ச் ஏறுவது உண்மைதான். ஆனால் ஏறுவது எது என்பதை யாரும் சொல்வதில்லை. கல்லில் இடிக்கிற பாகம் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. இது தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு, மறுவாரம் மலைப்பாதையில் அதே கல்லில் அதே இடத்தை இடித்துக்கொண்டு நிற்பவர்கள் நிறைய பேர். அதைவிடப் பெரிய சிக்கல்கள் ஸ்டியரிங்கிலும் சட்டத்திலும் இருக்கின்றன.

பாடி லிஃப்ட் என்றால் என்ன?

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, பழைய ஜிப்ஸி, ஃபோர்ஸ் கூர்க்கா, டொயோட்டா ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகள் ரெண்டு அடுக்காகக் கட்டப்பட்டவை. கீழே ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம். அதுதான் சேஸ். எஞ்சின், கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன், சக்கரம் எல்லாம் அதில்தான் மாட்டப்பட்டிருக்கும். அதற்கு மேலே தனியாக பாடி உட்காருகிறது. இரண்டுக்கும் நடுவில், வண்டியைப் பொறுத்து எட்டோ பத்தோ இடங்களில் ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட்டிருப்பார்கள்.

அந்தப் புஷ் இருக்கும் இடங்களில் கட்டியான நைலான், பாலியூரித்தேன் அல்லது அலுமினிய வட்டுகளைச் செருகி, பழைய போல்ட்டுக்குப் பதிலாக நீளமான போல்ட் போடுவதுதான் பாடி லிஃப்ட். வட்டு ஒரு இன்ச் என்றால் பாடி ஒரு இன்ச் மேலே போகும். ரெண்டு இன்ச் என்றால் ரெண்டு இன்ச்.

கிரெட்டா, எக்ஸ்யூவி700 மாதிரி வண்டிகளில் இந்த வேலையே கிடையாது. அவை மோனோகாக். பாடியும் சேஸும் ஒரே கூடு. பிரிக்க இடமே இல்லாத வண்டிக்கு "பாடி லிஃப்ட் போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அவர் ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் வைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

அப்போ கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடாதா?

கூடாது. குழப்பமே இங்கேதான்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது தரைக்கும் வண்டியின் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் உள்ள இடைவெளி. தாருக்கு நிறுவனம் சொல்வது 226 மில்லிமீட்டர், ஜிம்னிக்கு 210. இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் தாழ்ந்த பாகம், பின் அச்சின் நடுவில் குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல். அது பாடியோடு ஒட்டியதில்லை, சக்கரத்தோடு ஒட்டியது. பாடியை எவ்வளவு தூக்கினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். சேஸ், எஞ்சின், கியர் பாக்ஸும் அப்படியே. பம்பர் சேஸில் மாட்டியிருந்தால் மேட்டில் ஏறும்போது மூக்கு இடிக்கும் கோணமும் மாறாது.

அப்புறம் எதுக்கு இதைச் செய்கிறார்கள்? பெரிய டயருக்காக. பாடி மேலே போனால் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் இடம் கிடைக்கும். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினாலும், பள்ளத்தில் சக்கரம் மேலே எழும்பினாலும் பெரிய டயர் உரசாது. டிஃபரன்ஷியலை உயர்த்தப்போவது அந்த டயர்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தாரின் 255/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர், அதாவது 31 இன்ச். அதற்குப் பதிலாக 33 இன்ச் டயர் போட்டால் விட்டம் 838 மில்லிமீட்டர். வித்தியாசம் கிட்டத்தட்ட 50. ஆனால் அச்சு இருப்பது சக்கரத்தின் நடுவில். அதனால் பாதிதான் கணக்கில் வரும்: 25 மில்லிமீட்டர். ரெண்டு இன்ச் பாடி லிஃப்ட், நாலு பெரிய டயர், ஸ்டெப்னி, தேவைப்பட்டால் புது வீல் என்று இவ்வளவு செலவு செய்தும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் கூடுவது ஒரே ஒரு இன்ச்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் வேறு

இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுண்டு. சஸ்பென்ஷன் லிஃப்ட்டில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரை மாற்றி சேஸையே உயர்த்துவார்கள். எஞ்சின், பம்பர், பெட்ரோல் டேங்க் எல்லாம் சேர்ந்து ஏறும். மேடு ஏறி இறங்கும்போது வயிறு தட்டுவது குறையும். ஆனால் முழு அச்சு உள்ள இடத்தில் டிஃபரன்ஷியல் அப்போதும் ஏறாது. ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு அச்சு. புது தாரில் பின்னால் மட்டும்.

பாடி லிஃப்ட்டுக்குச் சாதகமாகவும் சில விஷயங்கள் உண்டு. சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சஸ்பென்ஷனைத் தொடாததால் வண்டி ஓடும் தன்மை பெரிதாக மாறாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெடாது. கனமான எஞ்சினும் அச்சும் கீழேயே இருப்பதால், அதே உயரத்துக்குச் செய்த சஸ்பென்ஷன் லிஃப்ட்டைவிட எடை மையம் குறைவாகவே ஏறும். செலவும் குறைவு. ஒரு இன்ச் அளவில், தெரிந்தவர் கையால், எல்லா இணைப்பையும் சரிபார்த்துச் செய்தால் இது மோசமான வேலை இல்லை என்பதுதான் ஆஃப்ரோடு பழகியவர்கள் பலரின் கருத்து. பிரச்சினை, "ஒரே நாள் வேலை" என்று செய்யப்படும் ரெண்டு, மூன்று இன்ச் லிஃப்ட்களில்.

பாடி ஏறும்போது எதெல்லாம் இழுபடும்?

பாடியும் சேஸும் தனித்தனி என்றாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிற பாகங்கள் ஒரு டஜனுக்கு மேல் இருக்கும். அத்தனையும் நிறுவனம் வைத்த இடைவெளிக்கு அளந்து செய்தவை.

முதலில் கவனிக்க வேண்டியது ஸ்டியரிங். கையில் பிடிக்கும் வீலும் அதன் தண்டும் பாடியில் இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் பாக்ஸ் சேஸில் இருக்கிறது. நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சறுக்கும் பல் வைத்த ஷாஃப்ட். பாடி மேலே போனால் அந்த ஷாஃப்ட் நீளும். நீள நீள உள்ளே இருக்கும் பற்களின் பிடிப்பு குறையும். கொஞ்சம் குறைந்தால் வண்டி ஓட்டும்போது எதுவும் தெரியாது. ஆனால் பெரிய பள்ளத்தில் சேஸ் முறுக்கும்போது மிச்சமிருக்கும் அந்தப் பிடிப்பும் போதாமல் போகலாம். ஷாஃப்ட் கழன்றால் வீல் கையில் சுற்றும், சக்கரம் திரும்பாது. இதற்குத்தான் நல்ல கிட்களில் ஸ்டியரிங் ஷாஃப்ட்டுக்கு எக்ஸ்டென்ஷன் தருவார்கள். அது இல்லாத கிட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவது, வேலையின் முக்கியமான பாதியை விட்டுவிடுவதற்குச் சமம்.

அடுத்து பிரேக். மாஸ்டர் சிலிண்டர் பாடிப் பக்கம், சக்கரம் கீழே. நடுவில் போகும் பைப் இழுபட்டு விறைப்பாக நின்றால், அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும். கிளட்ச் பைப், ஹேண்ட் பிரேக் கேபிளுக்கும் இதே கதைதான்.

ரேடியேட்டர் விஷயம் பலருக்குத் தெரியாது. சில வண்டிகளில் ரேடியேட்டர் பாடியில் மாட்டியிருக்கும். எஞ்சினோடு சுற்றும் ஃபேன் சேஸ் பக்கம். பாடி ஏறினால் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடும் ஏறி, இறக்கை கீழ் விளிம்பில் உரசும். அதையும் சேர்த்து இறக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் நீண்ட பயணத்திலேயே ஹீட் ஏறும்.

எரிபொருள் நிரப்பும் குழாய், ஏசி ஹோஸ், கியர் லீவர், ஃபோர் வீல் லீவர், பேட்டரியின் எர்த் ஒயர் என்று பட்டியல் இன்னும் போகும். ஃபோர் வீல் லீவர் முழுசாக விழாமல், "லோ"வில் போட்டது பாதி வழியில் நழுவுவது, லிஃப்ட் போட்ட பிறகு வரும் புகார்களில் ஒன்று.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியது

பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரு பக்க போல்ட்களைக் கழற்றி, மறுபக்க போல்ட்களைத் தளர்த்தி மட்டும் வைத்து, ஜாக்கிக்கும் பாடிக்கும் நடுவில் நீளமான மரப்பலகை கொடுத்து மெதுவாகத் தூக்க வேண்டும். பலகை இல்லாமல் ஒரே புள்ளியில் முட்டுக் கொடுத்தால் தளத்தகடு நசுங்கும். ஒவ்வொரு அரை இன்ச்சுக்கும் நிறுத்தி, ஏதாவது ஒயரோ பைப்போ விறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கி நிற்கும் பாடிக்கு அடியில் கையை விட்டு வட்டைச் செருகுவது ஆபத்தான நேரம். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும்.

போல்ட் எல்லாம் உயர் வலிமை ரகமாக இருக்க வேண்டும், டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கிப் பார்ப்பது கட்டாயம். புதிய வட்டு அமுங்கி உட்காரும்போது போல்ட் தளரும்.

ரோட்டில் என்ன மாறும்?

டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறும். மேலே சொன்ன 31-லிருந்து 33 இன்ச் மாற்றத்தில், பழைய டயரில் 80 காட்டிய அதே இடத்தில் முள் நிற்கும்போது வண்டி 85-ல் ஓடும். பொதுவாக மீட்டர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் பாதி மறைந்துவிடும். ஆனாலும் வேகக் கேமராவுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. பெரிய டயரின் எடையால் பிக்கப்பும் மைலேஜும் குறையும், பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் வேண்டும்.

விபத்தில் என்ன ஆகும் என்பது இன்னும் முக்கியம். 2020-ல் குளோபல் என்கேப் சோதனையில் தார் 4 நட்சத்திரம் வாங்கியது, நிறுவனம் கட்டிய உயரத்தில், நிறுவனம் போட்ட போல்ட்டில். குட்டை போல்ட் தாங்குகிற மோதலில், ரெண்டு இன்ச் வட்டுக்கு மேல் நிற்கும் நீள போல்ட் வளைய வாய்ப்பு அதிகம். அந்த அமைப்பை யாரும் மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் விதத்தில் வண்டியை மாற்றக் கூடாது. அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே அந்தப் பிரிவு "மாற்றம்" என்று விளக்குகிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாநில விதிகளைக் காட்டி இந்தத் தடையைத் தாண்ட முடியாது என்று தெளிவாக்கியது. பாடிக்கும் சேஸுக்கும் உள்ள இணைப்பையே மாற்றிவிட்டு, "இது சின்ன ஆக்சஸரிதான் சார்" என்று வாதிடுவது கஷ்டம்.

2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொன்றுக்கும் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். லிஃப்ட் ஒன்று, டயர் ஒன்று, பம்பர் ஒன்று என்று எண்ண இடமிருக்கிறது. அபராதம் கட்டப்போவது வேலை செய்த கடைக்காரர் இல்லை, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர். பொது இடத்தில் ஓட்டினால் ஆபத்து என்று கருதும் வண்டியின் பதிவை நிறுத்தி வைக்கவும் ஆர்டிஓவுக்கு அதிகாரம் உண்டு.

ஆஃப்ரோடு போட்டிகளுக்குத் தயாரித்த வண்டிகளைச் சிலர் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் போட்டித் தடத்தில் மட்டும் இறக்குவது இதனால்தான்.

இன்சூரன்ஸ் பக்கமும் லேசில்லை. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி நிறுவனம் கிளெய்மைக் குறைக்கலாம், மறுக்கலாம். வாரண்டியில் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட எதைக் கேட்டாலும் சர்வீஸ் சென்டர் முதலில் அந்த வட்டைத்தான் கைகாட்டும்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா?

செகண்ட் ஹேண்ட் தார், ஜிப்ஸி வாங்குபவர்களுக்கு இந்தச் சோதனை உதவும். லிஃப்ட்டைக் கழற்றிவிட்டு விற்பவர்கள் உண்டு, அப்படியே விற்பவர்களும் உண்டு. டார்ச் அடித்து சக்கர வளைவுக்குள் பாருங்கள். சேஸுக்கும் பாடிக்கும் நடுவில் தடிமனான கருப்பு அல்லது வெள்ளை வட்டு தெரிகிறதா? பம்பருக்கும் கிரில்லுக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து இருக்கிறதா? டயரில் உள்ள அளவும் நிறுவனம் ஒட்டிய டயர் அளவு ஸ்டிக்கரும் பொருந்துகிறதா? புஷ் போல்ட்களின் தலையில் புதுசாக ஸ்பேனர் பட்ட கீறல் இருக்கிறதா?

வட்டு தெரிந்தால், ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே பானெட்டைத் திறந்து ஸ்டியரிங் ஷாஃப்ட்டைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் கண்ணுக்கே தெரியும். இல்லை என்றால் அந்த வண்டியை டெஸ்ட் டிரைவ் எடுக்க வேண்டாம்.