மஹல்லா நிதி: கணக்கு வெளியில், பெயர் மறைவில்



நகரத்து மஹல்லாவில் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவர். குமர் காரியமோ, கல்விக் கட்டணமோ, மருத்துவச் செலவோ, எத்தேவையாயினும் ஜும்ஆவுக்குப் பின் துண்டு ஏந்தினால் ஒரு தொகை சேர்ந்துவிடுகிறது. இந்நெருக்கம் அல்லாஹ்வின் அருட்கொடையாகும். எனினும், எவர் வீட்டுக்கு அரிசி மூட்டை சென்றது என்பதை மறுநாளே தெரு முழுதும் அறியச் செய்வதும் இதே நெருக்கம்தான்!

முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வர்களிடம் ஸகாத் பெற்று, அவர்களின் ஏழைகளுக்கே வழங்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆகவே உள்ளூர் ஏழைகளின் உரிமை முற்பட்டது. அதை நிறைவேற்றும் ஜமாஅத்தார் மூன்று விஷயங்களைப் பேணுதல் வேண்டும்.

முதலாவது, வகை பிரித்தல். ஸகாத்திற்குரிய 8 பிரிவினரைத் திருக்குர்ஆன் (9:60) வரையறுத்துள்ளது. பள்ளிவாசல் கட்டடத்திற்கு ஸகாத்தைச் செலவிடலாகாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. அதற்கு உபரியான ஸதகாவும் நன்கொடையும் உள்ளன. எனவே ஸகாத்திற்கெனத் தனிக் கணக்கு அவசியம்.

இரண்டாவது, கணக்குக் காட்டுதல். ஸகாத் வசூலித்து வந்த இப்னுல் லுத்பிய்யா என்பவர், ஒரு பகுதி தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றார். அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கண்டித்தார்கள் (புகாரி). ஆகவே வசூலுக்கு ரசீதும், பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் வரவு செலவும் இருத்தல் வேண்டும். இது நிர்வாகிகள் மீதான சந்தேகமன்று, அவர்களுக்கான பாதுகாப்பு.

மூன்றாவது, பெயர் மறைத்தல். தர்மத்தை வெளிப்படையாகச் செய்வது நன்றே. ஏழைகளுக்கு மறைவாக வழங்குவது அதனினும் சிறந்தது (2:271). கையேந்தாத தன்மானத்தால் செல்வர்போல் தோன்றும் வறியோரையும் இறைமறை நினைவூட்டுகிறது (2:273). தையல் இயந்திரம் வழங்கும் மேடையில் ஒரு விதவையை நிறுத்திப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பினால், அத்தகையோர் அடுத்த முறை பசித்திருப்பார்களே அன்றி நம் வாசலுக்கு வரமாட்டார்கள். சொல்லிக்காட்டுதலும் மனம் புண்படுத்தலும் தர்மத்தையே பாழாக்கிவிடும் (2:264). வழங்குவது ஸகாத் என்று பெறுபவரிடம் அறிவிப்பதுகூட நிபந்தனையன்று.

எனவே பலகையில் தொகை இருக்கட்டும், பெயர் வேண்டாம். 'கல்வி உதவி, 4 பேர்' என்பதே போதுமானது. பெயர்ப் பட்டியல் நம்பிக்கைக்குரிய இருவர் அல்லது மூவரிடம் அமானிதமாக இருக்கட்டும். உதவி இரவிலே வீடு தேடிச் செல்லட்டும்.

அண்டை வீட்டாரின் தேவையை அறிந்து, அவர்தம் மானத்தையும் காக்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.