கோபக்காரருக்கு மாரடைப்பு வருமா?

எதிலும் அவசரம், எல்லோரிடமும் போட்டி, காத்திருக்க நேர்ந்தால் எரிச்சல். சான் பிரான்சிஸ்கோ இதய மருத்துவர்கள் மேயர் ஃபிரீட்மேனும் ரே ரோசன்மேனும் 1959-ல் இந்தச் சுபாவத்துக்கு 'டைப் ஏ' என்று பெயர் வைத்தார்கள். இதயநோய் இல்லாத 3,154 கலிபோர்னிய ஆண்களை எட்டரை ஆண்டுகள் கண்காணித்ததில் 257 பேருக்கு நோய் வந்தது. டைப் ஏ ஆட்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரிந்தது. 1974-ல் இருவரும் எழுதிய புத்தகம் அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது.

பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. 1988-ல் அதே 257 பேரின் பிற்கால நிலையை ஆராய்ந்தபோது இன்னொரு வியப்பு: நோய் வந்த பிறகு டைப் ஏ ஆட்களே குறைவாக இறந்திருந்தார்கள்!

டைப் ஏ பற்றிய ஆய்வுகளுக்குத் தாராளமாகப் பணம் தந்தவர்களில் சிகரெட் நிறுவனங்களும் உண்டு. நீதிமன்ற வழக்குகளால் வெளியான அவற்றின் உள் ஆவணங்கள் இதைக் காட்டின. பழி சுபாவத்தின்மேல் விழுந்தால் சிகரெட் தப்பிவிடும் அல்லவா?

அப்படியானால் எல்லாமே கட்டுக்கதையா? இல்லை. அவசரத்தைவிட, பிறர்மேல் எப்போதும் இருக்கும் பகைமையும் கோபமும்தான் கவனிக்க வேண்டியவை என்று ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். கோபத்தில் அட்ரினலின் சுரக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்த 2009-ம் ஆண்டு அலசலில், பகைமையும் கோபமும் மிக்கவர்களுக்கு இதயநோய் ஆபத்து 19 சதவீதம் அதிகம். ஆனால் புகைப்பழக்கம், உடலுழைப்பு போன்றவற்றைக் கணக்கில் கொண்டபோது அந்தத் தொடர்பு மங்கியது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்விலோ புகைப்பவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சுபாவம் பெரும்பாலும் பழக்கங்களின் வழியாகத்தான் இதயத்தை எட்டுவதாகத் தோன்றுகிறது.

அந்தச் சுபாவத்தையும் ஓரளவு திருத்தலாம். மாரடைப்பிலிருந்து மீண்ட 862 பேரைக் கொண்டு ஃபிரீட்மேன் நடத்திய சோதனையின் முடிவு 1986-ல் வந்தது. வழக்கமான இதயநல ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 21.2 சதவீதத்தினருக்கு நான்கரை ஆண்டுகளில் மீண்டும் மாரடைப்பு வந்தது. அதோடு நிதானம் பழகவும் பயிற்சி பெற்றவர்களில் அது 12.9 சதவீதம்தான். ஆகவே கோபக்காரர் முதலில் சிகரெட்டை விடட்டும், ரத்த அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளட்டும். நிதானத்தையும் கூடவே பழகட்டும்.