பெட்டிக்குள் இருக்கும் கம்பள வண்டு

கம்பத்திலிருந்து மலையேறி வந்து கம்பம்மெட்டுப் பக்கம் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் குளிருக்குக் கம்பளியும் உண்டு, கல்யாணப் பட்டும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். பெட்டியைத் திறக்கவே மாட்டோம். பிறகு திறந்தால் பட்டில் ஓட்டை! எலி என்பார்கள், அந்து என்பார்கள். கம்பள வண்டாகவும் இருக்கலாம்.

அந்துப் புழு நூலாம்படை மாதிரி இழை விடும். இந்த வண்டின் புழு இழை விடாது; பாம்பைப் போல் சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போகும். அரிசி மணியைவிடச் சிறிது, பழுப்பு நிறம், மேலெல்லாம் மயிர், உள்ளே வெற்று. (மரத்தில் ஊரும் கம்பளிப்பூச்சி வேறு.) துணியைத் தின்பது புழுதான். வளர்ந்த வண்டுக்குப் பூந்தாதே உணவு. 2, 3 மில்லிமீட்டர் உருண்டையாக, வெளிச்சம் தேடி ஜன்னலோரம் வந்து கிடக்கும். அங்கே கண்டால் பெட்டியைப் பார்த்துவிட வேண்டும்.

கம்பளி, பட்டு, தோல், இறகு இவையே புழுவின் தீனி. எங்கள் சமண முனிவர்கள் ஏந்தும் மயிற்பீலியும் தப்பாது. கறை படியாத பருத்தியைப் பெரும்பாலும் தொடாது. கூரையடியில் பழைய குருவிக்கூடு, விளக்குக்குள் செத்த பூச்சி, இவற்றிலிருந்தும் கிளம்பி வரும்.

இது கடிக்காது. ஆனால் அதன் மயிர் பட்டால் சிலருக்குத் தடிப்பு வந்து அரிக்கும். மூட்டைப்பூச்சி என்று நினைத்துக் கட்டிலெல்லாம் விஷமருந்து அடிக்கிறார்கள். பெட்டிக்குள் புழு பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். கொல்லாமை பேசும் எனக்கு இது இரட்டை வருத்தம். கறை போகத் துவைத்து, கம்பளியை வெயிலில் உதறி, பட்டை நிழலில் பிரித்து மடிப்பு மாற்றி வையுங்கள். குஞ்சுகள் பறந்துபோன கூட்டை மட்டும் எடுத்துவிடுங்கள்.